மலை ஏற்றினால் பையன் திருந்திவிடுவானா? தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கொஞ்ச நாள் கஷ்டப்பட்டாத்தான் சார் புத்தி வரும்." மகனை எங்கள் இல்லத்தில் சேர்க்க வரும் அப்பாக்களிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். பையன் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பான், போதை மாத்திரை பழகியிருப்பான், இல்லையென்றால் பிளேடால் கையைக் கீறிக்கொண்டிருப்பான். வீட்டில் எல்லாரும் களைத்துப்போயிருப்பார்கள். இங்கே மலையேற்றம், தோட்ட வேலை, காலை ஓட்டம் எல்லாம் உண்டு என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வெயிலில் வாட்டியெடுத்துத் திருத்தி அனுப்பிவிடுவோம் என்று நம்புகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

வெளியே கூட்டிப்போவதில் பலன் நிச்சயமாக உண்டு. அறைக்குள் எதிரே உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருப்பவன், பக்கத்தில் நடந்து வந்தால் தானாகப் பேசுவான். நடக்கும்போது யார் கண்ணையும் பார்க்கவேண்டியதில்லை. கூடாரம் அடிப்பது, சோறு பொங்குவது, பின்னால் வருகிறவனுக்காக நிற்பது என்று சின்னச் சின்ன வேலைகளில் தன்னால் ஒன்று முடியும் என்று அவனுக்குத் தெரிய வருகிறது. குணப்படுத்துவது இதுதான். வலிக்கு அதில் பங்கில்லை.

இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் உள்ளது அல்ல. கர்ட் ஹான் என்ற ஜெர்மன் கல்வியாளர் 1941-இல் வேல்ஸில் உள்ள அபர்டவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கியது இளம் மாலுமிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்காக. போர்க்காலத்தில் கப்பல் மூழ்கினால், அனுபவப்பட்ட மூத்தவர்கள் தாக்குப்பிடித்த இடத்தில் இளையவர்கள் சோர்ந்துபோனார்கள் என்ற கவலை அப்போது இருந்தது. அந்த யோசனை பிறகு அமெரிக்கா போய், வழிதவறிய பிள்ளைகளுக்கான சிகிச்சையாக விரிந்து, சில இடங்களில் தண்டனையாகவே மாறிவிட்டது. 1990-க்கும் 2004-க்கும் இடையில் தனியார் இல்லங்களிலும் முகாம்களிலும் இறந்த பத்து இளையோரின் வழக்குகளை அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து 2007-இல் அறிக்கை கொடுத்தது. பயிற்சி இல்லாத ஊழியர்கள், போதாத சாப்பாடு, பொறுப்பில்லாத நடைமுறை என்று அது சொன்ன காரணங்கள் எல்லாமே தடுத்திருக்கக்கூடியவை.

"நடிக்கிறான்" என்று முடிவு கட்டுவதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு. 1994-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வனாந்தர முகாம் ஒன்றில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாள்கணக்கில் வயிற்று வலியால் துடித்தான், மெலிந்தான், நடக்க முடியாமல் விழுந்தான். கூட இருந்தவர்கள் வேலைக்குப் பயந்து நாடகமாடுகிறான் என்றார்கள். குடல்புண் வெடித்து, அதனால் வந்த தொற்றில் செத்துப்போனான். பொய் சொல்லிப் பழகிய பிள்ளைகளோடுதான் நாங்கள் வேலை செய்கிறோம், உண்மை. அதனாலேயே இங்கே விதி கறாராக இருக்கவேண்டும்: வலி என்று சொன்னால் வலிதான். பொய்யா இல்லையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இதில் நானும் தவறியிருக்கிறேன். ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறிப்போன ஒரு நாள், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பாதி வழியிலிருந்தே பின்தங்கினான். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். இறங்கி வந்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் உரிக்க முடிந்தது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரத்தம். இல்லத்தில் மொத்தமாக வாங்கிய ஷூ, அவனுக்கு ஒரு அளவு சின்னது.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ கூட்டிட்டுப் போகமாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணா."

அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. சண்டை போட்டால் மலைக்கு இல்லை, படுக்கையை மடிக்காவிட்டால் மலைக்கு இல்லை என்று நாங்கள்தான் வைத்திருந்தோம். வெளியே போவதைப் பரிசாக்கினால் பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். அன்றிலிருந்து மலைநடை யாருக்கும் ரத்தாவதில்லை. மருந்தை யாராவது தண்டனைக்காக நிறுத்துவார்களா? கிளம்புமுன் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எல்லாப் பாதங்களையும் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பாதம் பார்க்கும் அந்த அரைமணியில்தான் பசங்கள் அதிகம் பேசுகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

மருந்து என்றதும் இன்னொன்று. மனநல மருந்து சாப்பிடும் பிள்ளைகளை மற்றவர்களைப் போலவே வெயிலில் நடத்தக்கூடாது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மனச்சிதைவு நோய்க்கான சில மருந்துகள் உடம்புச் சூடு தணிவதைக் கெடுக்கும். கூடப் போகிறவர் கையில் யார் என்ன மாத்திரை என்ற பட்டியல் இல்லாமல் கேட்டைத் தாண்டக்கூடாது.

அடுத்தது பெற்றோர் செய்கிற தவறு. "டூர் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் துரோகத்தை ஆற்றவே எங்களுக்கு மூன்று மாதம் போய்விடும். கசப்பாக இருந்தாலும் எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று சொல்லிவிட்டே கூட்டிவாருங்கள். பிள்ளையிடம் வாரம் ஒருமுறையாவது, பக்கத்தில் ஊழியர் யாரும் இல்லாமல், போனில் பேச முடியுமா என்று இல்லத்தில் கேளுங்கள். முதல் மாதம் பேசவே முடியாது என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி பதிவு பெற்றிருக்கவேண்டும். போதை மீட்பு, மனநலச் சிகிச்சை என்று போர்டு மாட்டியிருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவும் வேண்டும். அடிப்பதாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இல்லத்துக்குள் குழந்தையை அடிப்பது அதே சட்டத்தில் குற்றம்.

குழு சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில் 506 பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசனை, டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். அதிலும் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்கள் நிலை இன்னும் மோசம். கட்டுப்பாடில்லாமல் ஒன்றாக விட்டால் பசங்கள் ஒருவருக்கொருவர் எதைக் கற்றுக்கொடுப்பார்கள் என்பதற்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள். அதனால் கூடாரம் அடித்தபின் பெரியவர்கள் தனியாக ஒதுங்கி அரட்டையடிக்கக் கூடாது. ராத்திரி பேச்சு எங்கே போகிறது என்று காது கொடுத்து, பக்கத்திலேயே உட்காரவேண்டும்.

கடைசியாக, வீடு திரும்புவது. இல்லத்தில் பையன் மாறியிருப்பான், தெரு மாறியிருக்காது. பழைய கூட்டாளி அதே டீக்கடையில் காத்திருப்பான். அதனால் அனுப்புவதற்கு முன் அப்பா அம்மாவையும் ஒரு நாள் நடைக்கு வரச்சொல்கிறோம். முன்பு ஒரு அப்பா பாதி ஏற்றத்தில் மூச்சுவாங்கிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பையன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "மெதுவா குடிங்கப்பா, நிக்கலாம், அவசரமில்ல" என்றான். நாங்கள் அவனுக்கு முதல் நடையில் சொன்ன அதே வார்த்தைகள். அவனை அனுப்பிவைத்தபோது, அடுத்த மாத நடையின் தேதியைச் சீட்டில் எழுதி இருவர் பெயரையும் போட்டுக் கொடுத்தோம்.