விசென்டரைப் புதிய சர்வருக்கு மாற்றுவது: அணைப்பதற்கு முன் போர்ட் குரூப்பைப் பாருங்கள்

எங்கள் விசென்டர் 8 (விஎம்வேர் சர்வர்களையும் அவற்றில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களையும் நிர்வகிக்கும் மென்பொருள், அதுவும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான்) ஒரு பழைய இன்டெல் ஜியான் சர்வரின் உள் டிஸ்க்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவை இரண்டு ஏஎம்டி எபிக் சர்வர்கள், கூடவே ஒரு என்எஃப்எஸ் ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக எல்லா சர்வர்களும் பகிரும் ஃபைல் சேமிப்பு). இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓடுகிற மெஷினை வி-மோஷன் செய்ய (அணைக்காமலே வேறு சர்வருக்கு நகர்த்த) முடியாது, அணைத்துத்தான் நகர்த்த வேண்டும். மற்ற மெஷின்களை விசென்டர் நகர்த்திக் கொடுக்கும், விசென்டரையே அணைத்துவிட்டால் அதை நாம்தான் கையால் நகர்த்த வேண்டும்.

முதலில் பேக்கப். 5480 போர்ட்டில் இருக்கும் நிர்வாகப் பக்கத்திலிருந்து வேறொரு பெட்டிக்கு எடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையின் பதிவு) போதும் என்று விடாதீர்கள், அது அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது.

அடுத்து ஸ்டோரேஜ். பழைய ஹோஸ்ட் (மெஷின்களை ஓட்டும் சர்வர்), புதிய ஹோஸ்ட்கள் எல்லாவற்றிலும் அதே என்எஃப்எஸ் ஸ்டோரேஜை டேட்டாஸ்டோராக (மெஷின் ஃபைல்கள் இருக்கும் இடமாக) சேருங்கள். ஒன்றில் ஸ்டோரேஜின் ஐபி, இன்னொன்றில் அதன் பெயர் என்று கொடுத்தால் அதை இரண்டு தனி டேட்டாஸ்டோராகவே எடுத்துக்கொள்ளும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஸ்டோரேஜ் பக்கம் 'நோ ரூட் ஸ்குவாஷ்' (ரூட் பயனரின் உரிமையைக் குறைக்காமல் விடும் அமைப்பு) போடவில்லையென்றால் மவுண்ட் ஆன மாதிரி காட்டும், உள்ளே ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க விடாது. எனக்கு ஐஸ்கசியைவிட (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கையே தரும் முறை) என்எஃப்எஸ்தான் பிடிக்கும், ஏதாவது கோளாறு என்றால் ஃபைல்களை லினக்ஸிலிருந்தே பார்த்துவிடலாம். சரி, இப்போது விசென்டர் ஓடும்போதே ஸ்டோரேஜ் வி-மோஷனில் அதன் டிஸ்க்குகளை இங்கே கொண்டுவந்துவிடுங்கள்.

என்னை ஒரு இரவு முழுக்க உட்கார வைத்தது இதற்கு அடுத்த படிதான். விசென்டர் டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்சில் (பல ஹோஸ்ட்களுக்கும் பொதுவான விர்ச்சுவல் சுவிட்ச்) இருந்தது, போர்ட் குரூப் (மெஷின்கள் இணையும் போர்ட்டுகளின் தொகுப்பு) வழக்கம்போல ஸ்டாட்டிக் பைண்டிங், அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் நிலையான போர்ட். அந்த போர்ட்டுகளை ஒதுக்கித் தருவது விசென்டர். அது அணைந்திருக்கும்போது புதிய ஹோஸ்டில் எழுப்பினால் மெஷின் எழுந்துவிடும், நெட்வொர்க் அடாப்டர் மட்டும் இணையாது. விசென்டருக்கு நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க் போர்ட் கிடைக்க விசென்டர் வேண்டும். அதனால் அணைப்பதற்கு முன்பே அதே விலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) எண்ணில் எஃபெமரல் பைண்டிங்குடன் ஒரு போர்ட் குரூப் உருவாக்கி, விசென்டரின் அடாப்டரை அதற்கு மாற்றி, பிங் போகிறதா என்று பாருங்கள். எஃபெமரல் என்றால் ஹோஸ்டே போர்ட்டைக் கொடுத்துவிடும். புதிய ஹோஸ்டும் அந்தச் சுவிட்சில் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் டிஆர்எஸ்ஸை (மெஷின்களைத் தானாகவே ஹோஸ்ட் மாற்றும் வசதி) மேனுவலில் வையுங்கள், விசென்டர் எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்று தாளில் எழுதுங்கள், அணையுங்கள். பழைய ஹோஸ்டின் வெப் பக்கத்துக்கு நேரடியாகப் போய் 'அன்ரெஜிஸ்டர்' கொடுங்கள். பக்கத்திலேயே 'டெலீட்' இருக்கும், அதைத் தொட்டால் டிஸ்க்குகளும் போய்விடும். புதிய ஹோஸ்டில் டேட்டாஸ்டோரைத் திறந்து விஎம்எக்ஸ் ஃபைலை (மெஷினின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) ரெஜிஸ்டர் செய்து பவர் ஆன் செய்யுங்கள். நகர்த்தினீர்களா, நகல் எடுத்தீர்களா என்று கேட்கும்போது 'நகர்த்தினேன்' என்பதையே தேர்ந்தெடுங்கள், நகல் என்றால் மேக் முகவரி மாறிவிடும். சேவைகள் எல்லாம் எழ நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், விசென்டரை அணைத்த பிறகு ஹோஸ்டுக்குள் ரூட்டாக நுழைய முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய ஹோஸ்ட்கள் லாக்டவுன் மோடில் (விசென்டர் வழியாக மட்டுமே நிர்வகிக்க விடும் பூட்டு) இருந்திருக்கின்றன. சாதாரண லாக்டவுன் என்பதால் சர்வர் முன்னால் போய் கன்சோலில் அதை நிறுத்த முடிந்தது, ஸ்ட்ரிக்ட் என்றால் கன்சோலும் திறக்காது. அணைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் லாக்டவுனை எடுத்துவிட்டு, ரூட் கடவுச்சொல்லால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.