பழைய கல்வீட்டின் வெளிச்சுவர்: சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பு பூசியது

முல்லைத்தீவுப் பக்கத்து வீடு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, 18 அங்குலச் சுவர். பிற்காலத்தில் வெளியே சீமெந்து பூசியிருந்தார்கள். ஒவ்வொரு மாரியும் முழங்கால் உயரத்துக்கு ஊறி, பங்குனியில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது; அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லை அரிக்கும்.

முதலில் சுவரைத் தொடவில்லை. கூரைப் பீலியின் ஒழுக்கை அடைத்து, சுவரடி மண்ணை 6 அங்குலம் இறக்கி, வெளிப்பக்கம் சரிவு வைத்தோம். பாதி ஈரம் அதோடு போனது.

பூச்சை உளியால் மெல்லக் கழற்றவேண்டும். கிரைண்டர் பிடித்தால் செங்கல்லின் சுட்ட தோலே போய்விடும். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் திரும்பச் சுவருக்குள் இறங்கும்.

புதுப் பூச்சுக்கான கலவை: நன்றாக ஊறிய சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்றுமணல் 3. கடல்மணல் வேண்டவே வேண்டாம். மூட்டுகளை முக்கால் அங்குலம் சுரண்டி, சுவரை நனைத்து, ஒவ்வொன்றும் 10 மில்லிமீற்றருக்கு மிஞ்சாமல் இரண்டு பூச்சு. "பிடிக்கட்டும் ஐயா, ஒரு கரண்டி சீமெந்து போடுவம்" என்று மேசன் கேட்பார். விடக்கூடாது.

ஒரு கிழமை ஈரச்சாக்கு தொங்கவேண்டும். சோளகக் (தென்மேற்குக்) காற்றில் இதைத் தவறவிட்டால் வலைபோல வெடிக்கும். கூலி கொடுக்கமுன் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள்: பொக்கென்று கேட்கும் இடம் ஒட்டவில்லை, அதைக் கழற்றித் திரும்பப் பூசவேண்டும். மேலே வெள்ளையடிப்பு மட்டும். எமல்ஷன் பூசினால் பழைய கதைதான்.

வீடு பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்பொருள் திணைக்கள அனுமதி கைக்கு வந்தபிறகே உளியை எடுங்கள்.