டென்ஷன்ல உறைஞ்சு போற புள்ளையத் திட்டாதீங்க, இன்னும் சில தப்புகளும்

என் தங்கச்சி பையன் பத்தாவது கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, அவங்கப்பா ஒரு ஃபார்முலா கேட்டாரு, அவன் பதிலே சொல்லாம நோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தான், "வாயில என்ன கொழுக்கட்டையா"ன்னு அவர் கத்தக் கத்த இன்னும் சுருங்கிட்டான். நான் போய் கையப் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு, உள்ளங்கையெல்லாம் வேர்வை. திமிரு புடிச்சவன் கை அப்படி இருக்காதுங்க. ஆபத்துன்னு பட்டா உடம்பு சண்டைக்கு நிக்கும் இல்லன்னா ஓடப் பாக்கும்னு வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் விஞ்ஞானி 1915லயே எழுதிட்டாரு, ரெண்டுக்கும் வழியில்லன்னா உறைஞ்சு போறதும் உண்டு. அதப் பிடிவாதம்னு நெனச்சு மேல மேல மிரட்டறதுதான் நம்ம வீடுகள்ல நடக்கற பெரிய தப்பு, எனக்கு மனசு ரொம்ப வலிக்கறதும் இதுலதான்.

அடுத்தது மூச்சு. "நல்லா இழுத்து விடு"ன்னு சொல்லுவோம், பதட்டத்துல இருக்கறவங்க வேக வேகமா இழுப்பாங்க, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை சுத்தும், விரல் நுனி மரத்துப் போகும், ஐயோ என்னமோ ஆகுதேன்னு பயம் டபுள் ஆயிடும். விடறதுலதான் சூட்சுமமே இருக்கு. மூச்சு வெளிய போறப்ப வேகஸ் நரம்பு (மூளையிலருந்து இதயத்துக்கு வர்ற நரம்பு) இதயத்த கொஞ்சம் மெதுவாக்கும், மணிக்கட்டுல நாடி பிடிச்சு நிதானமா கவனிச்சீங்கன்னா உங்களுக்கே தெரியும். 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க, ரெண்டு மூணு நிமிஷம் போதும். அன்னிக்கு நான் அவனுக்கு எண்ணல்லாம் சொல்லித் தரல, சூடா ஒரு டம்ளர் பால் குடுத்து பக்கத்துல உக்காந்துட்டேன், ஊதி ஊதிக் குடிச்சான், பாதி டம்ளர் போனதும் தோள்பட்டை இறங்குச்சு, "பெரியம்மா, அந்த ஃபார்முலா எனக்குத் தெரியும்"னான்.

சண்டை நடந்த சூட்டோட "இப்பவே பேசி முடிச்சிடலாம்"னு உக்காரதும் தப்பு. டென்ஷன்ல சுரக்கற ஹார்மோன்கள்ல அட்ரினலின் நொடியில ஏறிடும், கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகவே 20, 30 நிமிஷம் ஆகும், அந்த நேரத்துல வாயில வர்றது எதுவும் நல்லதா வராது. கொஞ்சம் நடந்துட்டு வாங்க, பாத்திரமாவது தேய்ங்க, பேச்சு அப்புறம்.

டென்ஷனா இருக்குன்னு மூணாவது காபி போடாதீங்க, குடிச்சு 5 மணி நேரம் கழிச்சும் காஃபின் ஏறக்குறைய பாதி உடம்புலயே இருக்கும், தூக்கமும் போயிடும்.

வாரக்கணக்கா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் ஒட்டாத மாதிரி இருக்குன்னா மூச்சுப் பயிற்சியோட நிறுத்திக்காதீங்க, டாக்டரப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யார்கிட்டயாவது பேசணும்னு இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.