சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடித்துவிடும். தெருவில் நிற்கிற காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன மே மாதம் என் 2015 மாடல் பெட்ரோல் காரில் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் காலிண்ணா, மாத்திடலாம்" என்றார்கள். 3,200 ரூபாய் ஆனது. பன்னிரண்டாம் நாள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது அதே லைட் திரும்ப எரிந்தது. அந்த வாரமே சொந்தமாக ஒரு கோட் ரீடர் வாங்கினேன். கோளாறுக்குக் கார் பதிந்து வைக்கும் 'கோடு' (code) என்கிற குறியீட்டைப் படிக்கும் கருவி அது.

நான் வாங்கியது ஈஎல்எம்327 வகை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ப்ளூடூத்தில் போனோடு பேசும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துப்போகும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ப்ளூடூத் வகை ஆண்ட்ராய்டில் மட்டும்தான் வேலை செய்யும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஓபிடி-2, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வசதி, கட்டாயம் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராகக் குனிந்து பார்த்தால் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். சாவி ஆஃபில் இருக்கும்போது அதில் ரீடரைச் செருகுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள். போனில் இணைக்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000. டார்க் (Torque), கார் ஸ்கேனர் போன்ற ஆப் எதுவானாலும் போதும்.

கோடு வந்ததும் கை 'எரேஸ்' பட்டனுக்குத்தான் போகும். போகக் கூடாது. முதலில் கோடை நோட்டில் எழுதுங்கள். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான நொடியில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு வந்தது பி0113. உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், ஒயர், ஈசியூ என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாமும்தான். ஒர்க்‌ஷாப்பில் தவறியது இந்த இடத்தில்.

ஆப்பில் லைவ் டேட்டாவைத் திறந்தேன். வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது, திரையில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. ஈசியூ அந்த ஒயரில் 5 வோல்ட் அனுப்பி வைத்திருக்கும். சென்சார் சூடாக ஆக அதன் ரெசிஸ்டன்ஸ் குறைந்து வோல்டேஜை இறக்கும். ஒயர் எங்கேயாவது அறுந்திருந்தால் இறக்க ஆள் இல்லை. வோல்டேஜ் அப்படியே மேலே நிற்கும், ஈசியூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஆக மைனஸ் 40 என்று பார்த்தால் இணைப்பு விட்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

பானட்டைத் திறந்து, போனை பேட்டரி மேல் வைத்துவிட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரை மெதுவாக அசைத்தேன். மைனஸ் 40, சட்டென்று 46, மறுபடி மைனஸ் 40. சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் நான்கு பின்களில் ஒன்றில், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடத்தில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டினேன். எண் 46-லேயே நின்றது. அதற்குப் பிறகுதான் கோடை அழித்தேன். அந்த லைட் இன்றுவரை வரவில்லை.

எந்தக் கோடு வந்தாலும் இதே வழிதான். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக உள்ள வண்டியானால், முதல் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். காசு செலவில்லாத சோதனை.

செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம்; எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். அதன் விலைக்கு முன்னால் டோயிங் செலவு ஒன்றுமே இல்லை. ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ சிவப்பாக எரிந்தாலும் ரீடரைத் தேடாதீர்கள், என்ஜினை நிறுத்துங்கள். விலை குறைந்த ரீடர்களில் பல ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் படிக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலேயே பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம்.