டைப் தெரியவில்லை என்று கம்பைலர் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

நாம் எழுதிய சி++ கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடமிருந்து 'ஸ்ட்ரிங் டஸ் நாட் நேம் எ டைப்' (ஸ்ட்ரிங் என்பது ஒரு டைப்பின், அதாவது தரவு வகையின், பெயர் இல்லை) என்று எரர் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, நினைவுக்கு வந்த ஹெடர் ஃபைலையெல்லாம் (டைப்களின் அறிவிப்புகள் இருக்கும் ஃபைல்கள்) மேலே இன்க்லூட் செய்து பார்ப்பது. சில நேரம் எரர் போய்விடும். ஏன் போனது என்று தெரியாததால், அடுத்த வாரம் வேறொரு ஃபைலில் திரும்ப வந்து நிற்கும்.

சி, சி++ கம்பைலர்கள் ஃபைலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருகின்றன. ஒரு டைப்பின் பெயரை அதுவரை பார்க்கவே இல்லை என்றால் 'அன்நோன் டைப் நேம்' போன்ற எரர் வரும். பெயரைப் பார்த்துவிட்டது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்றால் 'இன்கம்ப்ளீட் டைப்'. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இது சி2027. இரண்டும் வேறு வேறு கோளாறு. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்தால் நேரம்தான் போகும்.

முதல் வகை பெரும்பாலும் சின்ன விஷயம்: எழுத்துப்பிழை, சி++ நூலகப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'எஸ்டிடி' விட்டுப்போனது, ஹெடர் இல்லாதது. 'என் மெஷினில் ஓடுகிறதே' என்பதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் சேர்க்காத ஹெடரை வேறொரு ஹெடர் உள்ளே இழுத்து வந்திருக்கலாம். 2023இல் ஜிசிசி என்ற கம்பைலரின் 13ஆம் பதிப்பு வந்தபோது இதுதான் நடந்தது. சில ஹெடர்கள் மற்றவற்றை இழுத்து வருவதை நிறுத்திக்கொண்டன. 'சிஎஸ்டிடிஇன்ட்' ஹெடரைச் சேர்க்காமலே அதில் உள்ள யுஇன்ட்32_டி என்ற டைப்பை எழுதியிருந்த பல புராஜெக்ட்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. எதைப் பயன்படுத்துகிறீர்களோ, அதன் ஹெடரை நீங்களே சேருங்கள்.

சி மொழியில் லிங்க்டு லிஸ்ட் எழுதும் மாணவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். டைப்டெஃப் ஸ்ட்ரக்ட் என்று தொடங்கி, கடைசி அடைப்புக்குப் பிறகுதான் 'நோட்' என்று பெயர் வைப்பார்கள். ஆனால் உள்ளேயே 'நோட்' பாயிண்டர் (இன்னொரு நோட் இருக்கும் முகவரி) போட்டிருப்பார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே கூப்பிட்டால் எப்படி? ஸ்ட்ரக்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'நோட்' என்று எழுதிவிட்டு, உள்ளே 'ஸ்ட்ரக்ட் நோட்' பாயிண்டர் என்று போட்டால் சரியாகிவிடும்.

உண்மையில் தலைவலி தருவது ஹெடர்கள் ஒன்றையொன்று இன்க்லூட் செய்வது. கஸ்டமர், ஆர்டர் என்று இரண்டு கிளாஸ்கள் (நாமே உருவாக்கும் டைப்கள்), ஆளுக்கொரு ஹெடரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கஸ்டமர் ஹெடர் ஆர்டர் ஹெடரைச் சேர்க்கிறது. ஆர்டர் ஹெடர் திரும்ப கஸ்டமரைச் சேர்க்கிறது. கம்பைலர் கஸ்டமரைத் திறந்து, அதன் கார்டைக் (ஒரே ஹெடர் இரண்டு முறை படிக்கப்படாமல் தடுக்கும் காவல் வரிகள்) குறித்துக்கொண்டு, கிளாஸ் தொடங்குவதற்கு முன்பே ஆர்டருக்குள் போகும். அங்கே மறுபடி கஸ்டமர் என்றதும், 'ஏற்கெனவே திறந்தாயிற்று' என்று கார்டு தடுத்துவிடும். கஸ்டமர் கிளாஸைப் பார்க்காமலே ஆர்டர் கிளாஸைப் படிக்கும், எரர் வரும். இன்க்லூட் வரியோ கண்ணெதிரே இருக்கும்!

ஆர்டருக்குள் கஸ்டமர் பாயிண்டர் மட்டும்தான் இருக்கிறதென்றால், அந்த இன்க்லூடை எடுத்துவிட்டு 'கிளாஸ் கஸ்டமர்' என்று ஒரு வரி அறிவிப்பு போதும். கஸ்டமர் எவ்வளவு பெரியது என்று தெரியாவிட்டாலும் பாயிண்டருக்கு இடம் ஒதுக்க முடியும். வழக்கமான 64 பிட் மெஷினில் 8 பைட். முழு கஸ்டமரையே உள்ளே வைத்தாலோ, ஹெடரிலேயே அதன் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலோ இந்த அறிவிப்பு போதாது. 'இன்கம்ப்ளீட் டைப்' வந்து நிற்கும். ஃபங்ஷனைக் கூப்பிடும் கோடை சிபிபி ஃபைலுக்கு (ஹெடர் அல்லாத சி++ கோட் ஃபைல்) கொண்டுபோய், கஸ்டமர் ஹெடரை அங்கே இன்க்லூட் செய்யுங்கள்.

அப்புறம், ஒரே நேரத்தில் 40 எரர்கள் வந்தால் கடைசியிலிருந்து படிக்காதீர்கள். முதல் எரரைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். முந்தைய ஹெடரில் கிளாஸ் முடிவில் ஒரு செமிகோலன் விட்டுப்போனாலே, பழி அடுத்த ஃபைலின் மேல் விழும்.

நான் அரை நாள் தொலைத்தது இதைவிட அற்பமான ஒன்றில். பழைய ஹெடரைக் காப்பி செய்து புதியது எழுதினேன். கார்டின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். பழைய ஹெடர் முதலில் வந்த ஃபைல்களில் எல்லாம் புதியது வெற்றுக் காகிதம். ஃபைல் இருக்கிறது, பாதை சரி, எழுத்தும் சரி. டைப் மட்டும் இல்லை. இப்போதெல்லாம் மேலே, பெயரே தேவைப்படாமல் கார்டின் வேலையைச் செய்யும் 'பிராக்மா ஒன்ஸ்' வரியைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.