ஓர் அறிவியல் புனைகதை அத்தியாயத்தை மீண்டும் பார்த்து மதிப்பிடும் முறை

பழைய தொடரின் ஓர் அத்தியாயத்தை மதிப்பிட விரும்புபவர், கதைச்சுருக்கம் எதையும் புரட்டாமல், நினைவில் தங்கியிருப்பதை முதலில் நான்கைந்து வரிகளில் எழுதி வைக்க வேண்டும். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவத்தில் 1992 ஜூனில் ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்ற ‘தி இன்னர் லைட்’ அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். விண்கப்பலில் ஏறத்தாழ 25 நிமிடம் மயங்கிக் கிடக்கும் கேப்டன் பிக்கார்ட், அதற்குள் கட்டான் என்ற கோளில் கமின் என்ற மனிதராக ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடிக்கிறார்.

முதல் முறை எங்கும் நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை பேனாவும் கையுமாக உட்கார்ந்து, காட்சி கப்பலுக்கும் கமின் வாழும் கிராமத்துக்கும் மாறும் நேரங்களைக் குறித்துக்கொண்டால், கிராமத்துக்கு எவ்வளவு தாராளமாக இடம் தரப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும். புல்லாங்குழலை மட்டும் தனியே பின்தொடருங்கள்: தொடக்கத்தில் கமின் தடுமாறி ஊதும் அதே குழலை, இறுதியில் பிக்கார்ட் தன் அறையில் தனியாக, ஒரு சொல்லும் பேசாமல் வாசிக்கிறார். வசனமின்றி முடிக்கும் அந்தத் துணிவுக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முதுமை ஒப்பனையையும் அரங்க அமைப்பையும் அக்காலத் தொலைக்காட்சியின் அளவுகோலால் அளப்பதே நியாயம். தர்க்க ஓட்டையை மறைக்கவும் வேண்டாம்: சிறிய ஏவுகணைகளையே அப்போதுதான் செலுத்தத் தொடங்கியிருந்த கட்டான் மக்கள், பிக்கார்ட் போன்ற அந்நியர் ஒருவரின் மனத்துக்குள் ஒரு வாழ்நாளையே புகுத்தும் கருவியை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு அத்தியாயத்தில் விடையில்லை.