எஞ்சிய ரத்தப் புற்றுக்குத் தோலடி ஊசி: பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி-செல் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றில், கீமோ முடிந்து நுண்ணோக்கியில் மஜ்ஜை சுத்தமாகத் தெரிந்தாலும், 10,000 செல்லுக்கு ஒன்று என்ற அளவில் நோய் ஒளிந்திருக்கலாம். இதுதான் எம்.ஆர்.டி. எனப்படும் எஞ்சிய நோய். இதற்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளினாடுமொமாப், புற்றுச்செல்லின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தை, நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லின் சிடி3 புரதத்துடன் பிணைக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம் என்பதால் 28 நாள் இடைவிடாமல் ரத்தக் குழாய்க்குள் பம்ப் மூலம் செலுத்த வேண்டும். அதைத் தோலடி ஊசியாக்கினால் நோயாளிக்குப் பெரிய விடுதலை. ஆனால் அதைப் பரிசோதிக்கும்போது எஞ்சிய நோயை அளவிடுவதில் கோட்டை விட்டால் வேலை செய்யாத மருந்தும் வென்றதாகத் தெரியும்.

அதிகம் கோட்டை விடுவது மஜ்ஜை எடுக்கும்போதுதான். முதல் உறிஞ்சலில் வரும் 2–3 மி.லி. எம்.ஆர்.டி. சோதனைக்கே போக வேண்டும். அடுத்தடுத்த உறிஞ்சல்களில் ரத்தம் கலந்து நீர்த்துவிடும், இருக்கும் நோய் இல்லாததுபோலக் காட்டும். டி.என்.ஏ.வைப் பெருக்கி நோயைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வதாக இருந்தால் ஹெப்பாரின் குழாய் கூடாது, அது வினையைத் தடுக்கும், ஈ.டி.டி.ஏ. குழாய்தான்.

அடுத்தது ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது செல்களை அவற்றின் புரத அடையாளம் வைத்துப் பிரித்து எண்ணும் சோதனை. பி-செல்களைச் சிடி19 வைத்தே பிரித்துப் பழகிய ஆய்வகம், இந்த மருந்துக்குப் பிறகும் அப்படியே செய்தால் ஏமாந்துபோகும். சிடி19-ஐ இழந்து தப்பித்த புற்றுச்செல்கள் வலைக்குள்ளேயே வராது. சிடி22, சிடி24, செல்லுக்குள் இருக்கும் சிடி79ஏ ஆகியவற்றையும் சேர்த்துத் தேடச் சொல்லி, பரிசோதனைக்கான செயல்திட்டத்திலேயே எழுதிவையுங்கள். "கண்டறியப்படவில்லை" என்ற வரி மட்டும் போதாது. எத்தனை செல் எண்ணப்பட்டது, எந்த நுண்ணளவு வரை பார்த்தது என்பதும் வேண்டும். போதாத மாதிரியை "நோய் இல்லை" கணக்கில் சேர்ப்பது எங்கள் பார்வையில் மன்னிக்க முடியாத தவறு.

பம்ப் அளவை ஊசிக்கு அப்படியே மாற்றவும் கூடாது. 45 கிலோ அல்லது அதற்கு மேற்பட்டவருக்கு பம்ப்பில் நாளுக்கு 28 மைக்ரோகிராம். நோய் திரும்பியவர்களிடம் நடந்த ஊசிப் பரிசோதனையில் ஓர் அளவுமுறை, முதல் வாரம் தினமும் 250 மைக்ரோகிராம், பிறகு வாரம் மூன்று முறை 500. தோலடியிலிருந்து மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும், முழுவதும் சேராது. ஆகவே எம்.ஆர்.டி. நோயாளிக்குப் பம்ப்பில் சொல்லப்படும் மருத்துவமனைக் கண்காணிப்பை, அதாவது முதல் சுற்றில் 3 நாள், இரண்டாவதில் 2 நாள் என்பதை, ஊசிக்குப் போதுமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் சைட்டோகைன் வெளியீடு (தூண்டப்பட்ட எதிர்ப்புச் செல்கள் அழற்சிப் பொருள்களை அளவுமீறிக் கொட்டும் பக்கவிளைவு) என்று முடிவுகட்டிவிட்டு ஸ்டீராய்டோடு நிறுத்துவது ஆபத்து. வெள்ளணு குறைந்தவருக்கு அது தொற்றாகவும் இருக்கலாம். ரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிவு வரும் வரை காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள்.

நரம்புப் பாதிப்பைக் கையெழுத்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். முதல் ஊசிக்கு முன்பே ஒரு வாக்கியம் எழுத வைத்து, தினமும் அதையே எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். வண்டி ஓட்டக் கூடாது என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

ஒப்பீட்டிலும் கவனம் தேவை. பம்ப் முறையின் பிளாஸ்ட் ஆய்வில் முதல் சுற்றுக்குப் பின் 78 சதவீதம் பேருக்கு எஞ்சிய நோய் மறைந்தது. அங்கே சேர்த்தது 1,000-இல் ஒன்று அல்லது அதற்கு மேல் நோய் இருந்தவர்களை. 10,000-இல் ஒன்று இருப்பவர்களையும் சேர்த்துவிட்டு, வரும் எண்ணை அந்த 78-உடன் நேராக ஒப்பிட முடியாது.